கண்காணிப்பாளர் இருந்தும் ஆயுதம் எப்படி வந்தது?

1977ஆம் ஆண்டு வன்செயலுக்கும் 1983 ஆடிக் கலவரத்துக்கும் தப்பி, மலைநாட்டிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் காடு வெட்டிக் காணி செய்தவர்கள் நமது மக்களில் பலர். யுத்தம் அவர்களை அங்கிருந்தும் பெயர்த்தது. சிலர் மீண்டும் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கங்களுக்கே வந்து உறவினரின் லயக் காம்பராக்களில் ஒண்டிக்கொண்டார்கள். இக்குடும்பங்களோடு உட்கார்ந்து பேசினால் 2002ஆம் ஆண்டு யுத்தநிறுத்தத்தைப் பற்றிய பேச்சு வராமல் போவதில்லை. அப்போது எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "வெள்ளைக்காரர்கள் வந்து கொடி கட்டிய வாகனத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? பிறகு இரண்டு பக்கத்துக்கும் இவ்வளவு ஆயுதம் எப்படி வந்து சேர்ந்தது?"

இது நியாயமான கேள்வி. அந்த ஒப்பந்தத்தை நம்பி வீட்டுக்குக் கூரை போட்டவர்களும், கடன் வாங்கி விதைத்தவர்களும் கேட்கிற கேள்வி. கண்காணிப்பாளர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்று சிலர் பதில் சொல்கிறார்கள். அவர்கள் சும்மா சம்பளத்துக்கு இருந்தார்கள் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நாம் இரண்டையும் ஏற்கவில்லை. பதில் அந்த ஒப்பந்தத்தின் தாள்களிலேயே இருக்கிறது. அதைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

ஒப்பந்தத்தில் பிரபாகரனும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் கையெழுத்திட்டார்கள். 2002 பெப்ரவரி 23ஆம் திகதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. நோர்வே நடுவில் நின்றது. மீறல்களைக் கவனிக்க நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்தவர்களைக் கொண்ட இலங்கைக் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட்டது. கொழும்பில் தலைமையகம். யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய ஆறு மாவட்டங்களில் உள்ளூர்க் குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் ஐவர்: அரசு நியமித்தவர் இருவர், புலிகள் நியமித்தவர் இருவர், தலைவராக வெளிநாட்டுக் கண்காணிப்பாளர் ஒருவர். குழுவில் இருந்த வெளிநாட்டவர் மொத்தம் ஏறத்தாழ அறுபது பேர். அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. எவரையும் கைதுசெய்யும் அதிகாரமும் இல்லை. பார்ப்பது, விசாரிப்பது, இது மீறல் அல்லது மீறல் அல்ல என்று எழுதுவது, இரு தரப்பையும் கூட்டிப் பேசவைப்பது ஆகியவையே அவர்கள் வேலை.

இனி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று பார்ப்போம். சுடக்கூடாது, குண்டு போடக்கூடாது, கடத்தக்கூடாது, கொலை செய்யக்கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் படையினர் விட்டு வெளியேற வேண்டிய நாட்கணக்கும் இருந்தது. ஒரு தரப்பு மற்றத் தரப்பின் பகுதிக்குள் வெடிமருந்தோ இராணுவப் பொருளோ கொண்டுபோகக் கூடாது என்றும் ஒரு வாசகம் இருந்தது. கடைசியில் இணைப்பாக ஒரு பட்டியல். வன்னிக்குள் தடையின்றிப் போக முடியாத பொருள்களின் பட்டியல் அது. வெடிபொருள், தொலைவிலிருந்து இயக்கும் கருவி, முட்கம்பி, தூரநோக்கி, திசையறிகருவி ஆகியவற்றோடு பென்லைட் எனப்படும் சிறிய பற்றரியும் அதில் இருந்தது. டீசல், பெற்றோல், சீமெந்து, இரும்புக்கம்பி ஆகியவற்றுக்குக் கட்டுப்பாடு போடப்பட்டது.

ஓமந்தையில் வரிசையில் நின்றவர்களுக்கு இது மறந்திருக்காது. சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற பற்றரிக்குக்கூட ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. ஆனால் அதே தாள்களில், வெளிநாட்டிலிருந்து பீரங்கியோ விமானமோ படகோ புதிதாக வாங்கக்கூடாது என்று ஒரு வரியும் இல்லை. இருப்பதை எண்ணிப் பதிய வேண்டும் என்றும் இல்லை. பழுதானதற்குப் பதிலாக எவ்வளவு எடுக்கலாம் என்ற கணக்கும் இல்லை. அரசு தன் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் எதை இறக்கினாலும் அது ஒப்பந்த மீறல் ஆகாது. புலிகள் தங்கள் பகுதிக்குள் எதைச் சேர்த்துவைத்தாலும் அதைக் குறிப்பிட்டுத் தடுக்கும் வாசகம் இல்லை. கண்காணிப்பாளர் எழுதிய தாளில் இல்லாத ஒன்றை எப்படி மீறல் என்று எழுதுவார்?

இப்படிப்பட்ட வாசகத்தை ஓர் ஒப்பந்தத்தில் எழுத முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். நமக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள். அதன் தத்துவம் தோட்டத்தில் வேலை செய்த எவருக்கும் புதிதல்ல. கவ்வாத்துக் கத்தி தேய்ந்துவிட்டால் ஸ்டோருக்குப் போகிறோம். கிளாக்கரிடம் பழைய கத்தியைக் கொடுக்கிறோம், அவர் புத்தகத்தில் எழுதிக்கொண்டு புதுக் கத்தி தருகிறார். பழையது கொடுக்காமல் புதியது இல்லை. கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்துவிட்டு மருந்து டாங்கி கேட்கவும் முடியாது. ஒன்றுக்கு ஒன்று, அதே இனத்துக்கு அதே இனம். இந்த முறையில் தோட்டத்திலுள்ள கத்திகளின் எண்ணிக்கை கூடாது.

ஆனால் இது நடக்க வேண்டுமானால் முதலில் ஸ்டோர்ப் புத்தகத்தில் சரியான கணக்கு இருக்க வேண்டும். ஸ்டோருக்கு ஒரே வாசல் இருக்க வேண்டும், பின்பக்கம் இன்னொரு கதவு இருந்தால் புத்தகத்தால் பயன் இல்லை. பழைய கத்தி உண்மையில் கைமாறுவதை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தவர் சொல்வதைத் துரையும் கேட்க வேண்டும், தொழிலாளியும் கேட்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் மிகக் கடினம்.

கொரிய யுத்தத்தை நிறுத்திய 1953 யூலை 27 ஒப்பந்தத்தில் இந்த முறை அப்படியே எழுதப்பட்டது. அழிந்த அல்லது தேய்ந்த விமானம், கவச வாகனம், துப்பாக்கி, வெடிமருந்து ஆகியவற்றுக்குப் பதிலாக அதே வகையும் அதே வலுவும் உள்ளதை ஒன்றுக்கு ஒன்றாக மட்டுமே கொண்டுவரலாம். அதுவும் குறித்த வாசல்கள் வழியாக மட்டும்: வடக்கில் ஐந்து இடம், தெற்கில் ஐந்து இடம். சுவீடன், சுவிற்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லவாக்கியா ஆகிய நான்கு நாடுகளின் பரிசோதகர்கள் அந்த வாசல்களில் உட்கார்ந்தார்கள். எழுத்தில் இதைவிடச் சிறப்பாக எழுத முடியாது. நடந்தது என்ன? வடக்கு, வாசலைத் தவிர்த்து வேறு வழிகளில் கொண்டுவருகிறது என்று தெற்குப் பக்கம் குற்றஞ்சாட்டியது. தெற்கிலுள்ள பரிசோதகர்களோ எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். 1956இல் அவர்கள் வாசல்களிலிருந்து அகற்றப்பட்டார்கள். 1957 யூன் 21ஆம் திகதி, அமெரிக்கா தலைமைதாங்கிய ஐக்கிய நாடுகள் படைத்தரப்பு, இந்த வாசகம் இனித் தன்னைக் கட்டாது என்று அறிவித்துவிட்டது. அடுத்த ஆண்டு தென்கொரியாவுக்குள் அணுவாயுதங்களே வந்து இறங்கின. ஆயினும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அந்த ஒரு வாசகம் செத்த பிறகும் கொரியாவின் யுத்தநிறுத்தம் சாகவில்லை.

வியட்நாமில் 1954 யூலையில் செய்த ஜெனீவா உடன்படிக்கையிலும் இதே ஒன்றுக்கு ஒன்று முறை இருந்தது. வடக்கில் ஏழும் தெற்கில் ஏழுமாகப் பதினான்கு இடங்களில் நிலையான பரிசோதனைக் குழுக்கள் வைக்கப்பட்டன. கண்காணிப்பு ஆணைக்குழுவில் இந்தியா, கனடா, போலந்து ஆகிய நாடுகள் இருந்தன, தலைமை இந்தியாவுக்கு. 1983க்குப் பின் இந்திரா காந்தியின் தூதராகக் கொழும்புக்கு வந்துபோன ஜி. பார்த்தசாரதியை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். அவர் 1955-56 காலத்தில் வியட்நாம் ஆணைக்குழுவுக்குத் தலைவராக இருந்தவர். அங்கே வடக்கிலிருந்து வந்த ஆயுதம் துறைமுக வழியாக வரவில்லை, லாவோஸ் காட்டுப் பாதைகளால் வந்தது. தெற்குக்கு அமெரிக்க உதவி பகிரங்கமாகவே வந்தது. 1962 யூனில் ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கையில் இரு பக்கமும் மீறியதாக இந்தியாவும் கனடாவும் எழுதின. போலந்து உடன்படவில்லை. அறிக்கை அறிக்கையாகவே இருந்தது, யுத்தம் பெருத்தது.

1973 சனவரி 27ஆம் திகதி பாரிசில் செய்த ஒப்பந்தத்தில் மறுபடியும் அதே வாசகம். இம்முறை வேறொரு தந்திரம் நடந்தது. கையெழுத்துக்கு முன், 1972இன் கடைசி மாதங்களில் அமெரிக்கா விமானங்களையும் டாங்கிகளையும் அவசர அவசரமாகத் தென்வியட்நாமில் குவித்தது. பதிவுப் புத்தகம் திறக்கும் முன்பே ஸ்டோரை நிரப்பிவிட்டால் பிறகு ஒன்றுக்கு ஒன்று என்பதில் நட்டம் இல்லையல்லவா? வடவியட்நாமும் தன் வழியில் கொண்டுவந்துகொண்டே இருந்தது. கனடா அந்த ஆண்டு நடுப்பகுதியிலேயே கண்காணிப்பை விட்டு விலகியது. 1975 ஏப்ரலில் சைகோன் விழுந்தது.

இவற்றை எல்லாம் சொல்வது, வாசகம் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று காட்டுவதற்கல்ல. எழுதிய இடத்திலேயே இந்தப் பாடு. எழுதாத நமது நாட்டில் நடந்ததை இனிப் பார்ப்போம்.

தரையில் இருந்த குறையைவிடக் கடலில் இருந்த குறை பெரியது. ஒப்பந்தத்தில் தரைக்கு எல்லைக்கோடு இருந்தது. சில இடங்களில் இரு தரப்பு முன்னரண்களுக்கும் இடையே அறுநூறு மீற்றர் என்ற அளவும் இருந்தது. கடலுக்குக் கோடு இல்லை. நாட்டின் கடல் முழுவதும் தன் காவலில் என்று கடற்படை சொன்னது. தங்களுக்கும் கடற்படை உண்டு, அதற்கும் இடம் வேண்டும் என்று புலிகள் சொன்னார்கள். 2003 பெப்ரவரி 7ஆம் திகதி நெடுந்தீவுக்கு அப்பால் ஒரு றோலரைக் கடற்படை மறித்தது. கண்காணிப்பாளர் இருவர் அதில் ஏறிச் சோதித்தார்கள். உள்ளே விமான எதிர்ப்புத் துப்பாக்கியும் குண்டுகளும் இருந்தன. அதிலிருந்த புலிகள் மூவர் படகுக்குத் தீ வைத்துத் தாங்களும் மாண்டார்கள், கண்காணிப்பாளர் இருவரும் கடலில் குதித்துத் தப்பினார்கள். அதே நாளில் ஜெர்மனியின் பேர்லின் நகரில் இரு தரப்பும் பேச்சுவார்த்தை மேசையில் இருந்தன.

மறுமாதம் 10ஆம் திகதி முல்லைத்தீவுக்கு அப்பால் ஆழ்கடலில் புலிகளின் கப்பல் ஒன்று மூழ்கியது. பதினொருவர் இறந்தார்கள். ஆயுதக் கப்பல் என்றது கடற்படை. வர்த்தகக் கப்பல் என்றார்கள் புலிகள். யூன் 14ஆம் திகதி இன்னொரு கப்பல். மூழ்கிய கப்பலுக்குள் என்ன இருந்தது என்று எவர் இறங்கிப் பார்ப்பது? கடலுக்கு ஓர் ஒழுங்கு செய்யக் கண்காணிப்புக் குழு சில யோசனைகளை முன்வைத்தது, அவை ஏற்கப்படவில்லை. அதற்குள் ஏப்ரல் 21ஆம் திகதி புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து விலகிவிட்டார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில், ஒரு கப்பலைக் கடற்படை தேடுவது புலிகளுக்குத் தெரியவந்தது பற்றிய குற்றச்சாட்டில், குழுவின் தலைவரை மாற்றும்படி சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க நோர்வேயைக் கேட்டார். தலைவர் மாறினார். கடலில் ஒன்றும் மாறவில்லை.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2004இல் அமெரிக்கா கொடுத்த கரையோரக் காவற்கப்பல் ஒன்று 'சமுதுர' என்ற பெயரில் கடற்படையில் சேர்ந்தது. 2006இல் மிக்-27 விமானங்கள் வாங்கிய விவகாரம் பிற்காலத்தில் பெரிய சர்ச்சையானது நீங்கள் அறிந்ததே. புலிகள் சிறு விமானங்களைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள் என்பது 2007 மார்ச் 26 அதிகாலை கட்டுநாயக்க விமானத்தளத்தின் மேல் குண்டு விழுந்தபோது நாடு முழுவதற்கும் தெரிந்தது.

இத்தகைய வாசகம் ஏன் எழுதப்படவில்லை? எமது அபிப்பிராயத்தைச் சொல்கிறோம். கொழும்புத் துறைமுகத்தில் வெளிநாட்டவர் உட்கார்ந்து இராணுவப் பெட்டிகளைத் திறந்து பார்ப்பதை எந்த அரசும் எளிதில் ஏற்காது. தங்களுக்கு இத்தனை கப்பல், இத்தனை பீரங்கி என்று எழுதிக் கொடுப்பதைப் புலிகளும் ஏற்றிருக்க மாட்டார்கள். இதை வற்புறுத்தியிருந்தால் 2002இல் ஒப்பந்தமே வந்திராது என்று நினைக்கிறோம். அப்போது சாவு நின்றதே பெரிதாக இருந்தது. அதைக் குறைசொல்ல எமக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த இடைவெளி இருக்கிறது என்பதை மக்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதே எமது குறை. ஏ9 வீதி திறந்ததையும் விலைவாசி இறங்கியதையும் சொன்னார்கள். பற்றரிப் பட்டியலைச் சோதனைச்சாவடியிலே நாமே கற்றுக்கொண்டோம். கப்பலைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை.

கண்காணிப்பாளர் எழுதியவையும் குறைவல்ல. 2007 ஏப்ரல் வரையில் புலிகள் பக்கம் மூவாயிரத்துக்கும் மேலான மீறல்களையும் அரசு பக்கம் முந்நூறுக்கும் மேலானவற்றையும் அவர்கள் பதிந்தார்கள். சிறுவரைப் படைக்குச் சேர்த்ததே புலிகள் கணக்கில் பெரிய பகுதி. இந்தப் பதிவுகளால் சில பிள்ளைகளேனும் வீடு திரும்பினார்கள். ஆனால் குழுவின் பலமும் தேய்ந்துகொண்டே வந்தது. 2006 மே 11ஆம் திகதி கடற்படையினரை ஏற்றிவந்த கப்பல் வடகடலில் தாக்கப்பட்டபோது கண்காணிப்பாளரும் கடலில் இருந்தார். அதே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. ஒன்றிய நாட்டவர் இனி வேண்டாம் என்றார்கள் புலிகள். சுவீடன், டென்மார்க், பின்லாந்து நாட்டவர் போனார்கள். நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிஞ்சின.

பிறகு மாவிலாறு. 2006 யூலையில் திருகோணமலை மாவட்டத்தில் அந்த அணைக்கதவைப் புலிகள் மூடினார்கள். சேருவில, மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கங்களில் சிங்கள, முஸ்லிம், தமிழ் விவசாயிகளின் வயலுக்குப் போகும் தண்ணீர் அது. ஏறத்தாழப் பதினைந்தாயிரம் குடும்பங்கள். அரசு விமானத் தாக்குதலைத் தொடங்கியது. ஆகஸ்ட் 6ஆம் திகதி கண்காணிப்புக் குழுத் தலைவர் உல்ப் ஹென்றிக்சன் தாமே கதவைத் திறப்பிக்கப் போனார். அவர் அருகில் இருக்கும்போதே அப்பகுதியில் எறிகணைகள் விழுந்தன, திரும்பி வந்தார். பேசித் திறக்க வேண்டிய கதவுக்கு இரு தரப்பும் பீரங்கியால் பதில் சொன்னது எப்படி என்றால், நான்கு ஆண்டுகளாக அந்தப் பீரங்கிகளுக்குக் குண்டு சேர்ந்திருந்தது. சம்பூர் மக்கள் அந்த மாதங்களில் விட்டுப் போன காணிக்குத் திரும்ப 2015, 2016 வரை காத்திருந்தார்கள். முகமாலையில் ஏ9 வீதி ஆகஸ்ட் 11ஆம் திகதி மூடப்பட்டது. 2008 சனவரி 2ஆம் திகதி அரசு விலகல் அறிவித்தல் கொடுத்தது. ஒப்பந்தத்தில் இருந்தபடி பதினான்கு நாள் கழிந்து, 16ஆம் திகதி யுத்தநிறுத்தம் சட்டப்படியும் முடிந்தது.

ஆயுதக் கணக்கு ஓரளவு நின்ற இடமும் உண்டு. அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. நேபாளத்தில் 2006 நவம்பரில் மாவோவாதிகளும் அரசும் ஒப்பந்தம் செய்தபோது, ஆயுதங்களை ஒப்படைக்கும்படி கேட்கவில்லை. இரும்புக் கொள்கலன்களில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். ஐ.நா. குழு ஒவ்வொரு துப்பாக்கியையும் எண்ணி இலக்கம் எழுதியது. மொத்தம் 3,475. சாவி மாவோவாதிகளிடமே இருந்தது. ஆனால் கதவு திறந்தால் ஒலிக்கும் கருவியும் இராப்பகல் கமராவும் ஐ.நா.விடம் இருந்தன. நேபாள இராணுவமும் அதே அளவு ஆயுதத்தைத் தன் பக்கம் பூட்டிவைத்தது. சாவியைப் பறிக்காமல் கதவை மட்டும் பார்த்ததால் மானம் ஒருவருக்கும் போகவில்லை. பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட போராளிகளுக்கு இந்த எண்ணிக்கை மிகக் குறைவு, ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்துகொண்டேதான் இருந்தது. ஐ.நா. குழு 2011 சனவரியில் வெளியேறியது. 2012 ஏப்ரலில் கொள்கலன்கள் இராணுவத்தின் பொறுப்புக்குப் போயின. யுத்தம் திரும்பவில்லை. பெட்டியால் மட்டும் அது நடந்தது என்று நாம் சொல்லமாட்டோம், அங்கே தேர்தலும் அரசியலமைப்பு வேலையும் கூடவே நடந்தன. நமது நாட்டிலும் 1987 ஆகஸ்டில் பலாலியில் ஆயுதம் ஒப்படைக்கும் வைபவம் நடந்தது. இந்திய இலங்கை உடன்படிக்கையில் எழுபத்திரண்டு மணித்தியாலக் கெடு இருந்தது, ஆனால் யாரிடம் எத்தனை இருக்கிறது என்ற பதிவு இல்லை. அக்டோபரில் சண்டை தொடங்கிவிட்டது.

மஸ்கெலியாப் பக்கம் மகள் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவர், 2002 மாரியில் கிளிநொச்சிக் காணியில் தென்னம்பிள்ளை வைத்த கதையை எங்களிடம் சொன்னார். நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் எடுக்கும். ஒப்பந்தம் இருந்ததோ ஆறு வருடத்துக்கு ஒரு மாதம் குறைவாக. ஆயுத வாசகத்தைப் பற்றி நாம் விளக்கிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதை அன்றைக்குச் சொல்லியிருந்தால் தென்னையை விட்டுக் கச்சான் போட்டிருப்பேன், மூன்றரை மாதத்தில் பிடுங்கலாம்" என்றார். காணிக்குப் போயிருக்கவே மாட்டீர்களா என்று கேட்டோம். "போகாமல்?" என்றார். அந்த இரண்டு மூன்று வருடக் காலபோக நெல்லைத்தான் பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள் என்று அவருடைய மகளும் சொன்னார்.